எண்ணாகிய எழுத்து

பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில், 1845ஆம் ஆண்டு, உழவர் குடியில் பிறந்தவர் எமில் போதோ. ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அப்பால் அவர் முறையாகப் பயின்றதில்லை. 1869இல் தந்தித் துறையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார். மின்னியலைத் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார்.

அந்நாளில் செல்வாக்குற்றிருந்த மோர்சு முறையில் எழுத்துகளின் அளவு ஒத்திராது. ஓர் எழுத்துக்கு ஒரே புள்ளி. வேறோர் எழுத்துக்கு நான்கு குறிகள். குறிலும் நெடிலும் பிரித்தறியும் செவி அதனை எளிதில் உணரும். பொறிக்கோ ஓர் எழுத்து முடியும் இடம் எளிதில் புலப்படாது. போதோ எல்லா எழுத்துக்கும் ஐந்தே அலகுகள் என வரையறுத்தார். அலகுக்கு இரு நிலைகள். ஆகவே 32 குறிகள் கிடைத்தன.

தம் தந்தி முறைக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். பணியாளர் பலர் ஒரே கம்பியை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று என ஐந்து விசைகள். தம் முறை வரும் கணத்தில் தாளம் பிசகாது அவற்றை அழுத்துதல் வேண்டும். 1878ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சி அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

எழுத்து, எண், நிறுத்தக்குறி அனைத்தும் 32க்குள் அடங்கவில்லை. ஆதலின் ஒரே குறிக்கு இரு பொருள் தந்து, எப்பொருள் என்பதை முன்வரும் மாற்றுக்குறி ஒன்றால் உணர்த்தினார். அக்குறி வழியில் பிழைபட்டால் சொற்கள் எண்களாய்ச் சிதறின. எழுத்துரு மாறியதால் தமிழ்ப் பக்கங்கள் உருத்தெரியாமற் போன 1990களின் துன்பமும் இவ்வகையினதே.

1903இல் போதோ மறைந்தார். குறிகள் செல்லும் விரைவை அளக்கும் பாட் என்னும் அலகு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எழுத்தை எண்ணாக்கும் அவ்வழியே கணினிக்கும் வழியாயிற்று.

1991இல் யூனிகோடு தமிழுக்கும் எண்கள் வகுத்தது. எனினும் தமிழ் என்னும் மூன்றெழுத்துச் சொல்லை அவ்வெண்களின்படி கணக்கிடும் நிரல், தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்தாகக் கொள்ளும். ஈற்றெழுத்தை நீக்கப் பணித்தால் புள்ளியை மட்டும் நீக்கித் தமிழ என நிறுத்தும். அத்தகைய நிரல் வெண்பாவின் எழுத்தெண்ணிக்கையையும் பிழையாகவே காட்டும்.

போதோ தம் மொழி எழுத்தின் இயல்பறிந்து அதற்கு எண்ணிட்டார். தமிழில் எழுத்தாவது யாது என்பதை நிரலாளர்க்கு உணர்த்தும் கடமை யாப்பறிந்தோரைச் சார்ந்தது.