நெஞ்சில் குழாய்... இப்போவா, அப்புறமா? - டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாமின் கதை!

உத்திரமேரூர்லருந்து செங்கல்பட்டுக்கோ, காஞ்சிபுரத்துக்கோ பைக்ல போயிருக்கீங்களா? முன்னாடி கல்குவாரி லாரி, எதிரில் டவுன் பஸ், அறுவடை நேரம்னா ரோட்டோரம் காயப்போட்ட நெல். ஒரு நொடி கவனம் சிதறினால் போதும், ஹேண்டில்பார் நேராக நெஞ்சில் வந்து இடிக்கும்.

அப்படி அடிபட்ட உங்க சொந்தக்காரர் ஒருத்தரை 108-ல் ஏற்றி, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறீங்கன்னு வெச்சுக்குவோம். ஸ்கேன் எடுக்குறாங்க. விலா எலும்பு உடைஞ்சிருக்கு, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிஞ்சிருக்கு. மூச்சுவிட முடியாததால வென்டிலேட்டர் வைக்கிறாங்க. அடுத்து, நெஞ்சில் ஐ.சி.டி. டியூப் போடணும், கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு பேப்பர் வருது. பக்கத்து பெட்டில் இருப்பவருக்கும் அதே மாதிரி அடிதான். ஆனா, அவருக்கு இப்போதைக்கு டியூப் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஒருத்தருக்கு உடனே, இன்னொருத்தருக்கு அப்புறம். ஏன் இந்த வித்தியாசம்?

நெஞ்சைத் திறப்பதில் 'எப்போது' என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாடியே கணக்குப்போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் எவார்ட்ஸ் கிரஹாம். நெஞ்சுக்காகவே வாழ்ந்த மனிதர். கடைசியில் அவர் உயிரைப் பறித்ததும் நெஞ்சில் வந்த நோய்தான்.

முதல்ல, அந்த டியூப் என்ன செய்யுது?

நுரையீரலை மூடியிருக்கும் உறையில் இரண்டு அடுக்குகள் உண்டு. அவற்றுக்கு நடுவில் காற்றோ, ரத்தமோ, சீழோ சேர்ந்தால் நுரையீரல் விரிய இடம் இருக்காது. காற்று சேர்ந்தால் அதன் பெயர் நியூமோதோராக்ஸ். அதை வெளியேற்ற, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயை நுழைத்து, மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலுக்குள் விடுவார்கள். உள்ளே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். தண்ணீர் தடுப்பதால் வெளிக்காற்று உள்ளே திரும்பிப் போக முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் கோட்ஹார்ட் ப்யூலோ பிரபலப்படுத்திய இந்த ஏற்பாடு இன்றும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது.

ஆக, குழாய் இருந்தது. அதை எப்போ போடுறது என்பதில்தான் சிக்கல்.

கமிஷன் பிடிக்காத டாக்டர்

கிரஹாம் 1883 மார்ச் 19 அன்று சிகாகோவில் பிறந்தார். அப்பாவும் அறுவை சிகிச்சை நிபுணர். பிரின்ஸ்டனில் படிப்பு, 1907-ல் சிகாகோவின் ரஷ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். அப்படியே அப்பா வழியில் பிராக்டீஸில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ, உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வேதியியல் தெரிய வேண்டும் என்று மறுபடியும் படிக்கப் போனார். வேதியியல் ஆராய்ச்சியாளரான ஹெலன் ட்ரெட்வேயை 1916-ல் மணந்துகொண்டார். ஹெலனும் பின்னாளில் மருந்தியல் பேராசிரியர் ஆனார்.

1915-ல் அயோவா மாகாணத்தின் மேசன் சிட்டி என்ற சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்தார் கிரஹாம். அங்கே ஒரு அதிர்ச்சி. நோயாளியை அனுப்பிவைக்கும் டாக்டருக்கு, ஆபரேஷன் செய்யும் டாக்டர் கட்டணத்தில் பங்கு தர வேண்டும். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், கமிஷன்! அவருக்கு மனசு ஒப்பவில்லை. அந்த நேரத்தில்தான் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கிரஹாமும் ராணுவ மருத்துவத்துக்குப் போனார்.

துப்பாக்கி சுடாமலேயே செத்த வீரர்கள்

1917-18 குளிர்காலம். அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். முதலில் தட்டம்மை, அப்புறம் நிமோனியா, அதைத் தொடர்ந்து நுரையீரல் உறையில் சீழ். இதற்கு எம்பையீமா என்று பெயர். சீழ் இருந்தால் உடனே திறந்து வெளியே விடு என்பதுதான் அன்றைய மருத்துவர்கள் படித்த பாடம். விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி, நெஞ்சைத் திறந்துவிட்டார்கள். சராசரியாக 100 பேரில் 30 பேர் இறந்தார்கள். சில முகாம்களில் நிலைமை இதைவிட மோசம்.

போர்க்களத்தையே பார்க்காத பையன்கள் இப்படிச் செத்தால் எந்த ராணுவம்தான் சும்மா இருக்கும்? எம்பையீமாவை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். வர்ஜீனியா மாகாணத்தின் கேம்ப் லீ முகாமில் கிரஹாமும், அவருடைய சக மருத்துவர் ரிச்சர்ட் பெல்லும் வேலையில் இறங்கினார்கள்.

நெஞ்சு, சுவர் வெச்ச ரெண்டு ரூம் கிடையாது!

நெஞ்சின் ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்க நுரையீரல் மட்டும்தான் சுருங்கும், மறுபக்கம் பத்திரமாக இருக்கும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். நடுவில் உறுதியான சுவர் இருப்பது மாதிரி ஒரு நினைப்பு. நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில் இது தப்பு என்று தெரிந்தது. நெஞ்சின் நடுப்பகுதி, காற்றில் ஆடும் திரைச்சீலை மாதிரி. ஒரு பக்கம் அழுத்தம் மாறினால் மறுபக்கமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மாறும். அதாவது, ஒரு பக்கம் ஓட்டை போட்டாலே இரண்டு நுரையீரலும் திணறும்.

இன்னொன்றையும் கணக்குப்போட்டுச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய ஓட்டையை ஒருவரால் தாங்க முடியும் என்பது, அவரால் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஆரோக்கியமானவர் தாங்கும் ஓட்டை, நிமோனியாவில் மூச்சுவாங்கிக் கிடப்பவரைக் கொன்றுவிடும்.

அப்படியானால், பழைய முறையில் ஏற்கெனவே பலர் பிழைத்தது எப்படி? நியாயமான கேள்விதான். வழக்கமாக வரும் எம்பையீமாவில், நிமோனியா அடங்கிய பிறகுதான் சீழ் கட்டும். அதற்குள் உறைகள் ஒட்டிக்கொண்டு, நடுத்திரையும் விறைப்பாகிவிடும். அப்போது திறந்தால் ஆபத்து குறைவு. முகாம்களில் பரவியதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. நிமோனியா உச்சத்தில் இருக்கும்போதே தண்ணீர் போன்ற சீழ் நிறைந்துவிட்டது. எதுவும் ஒட்டவில்லை. அந்த நேரத்தில் திறந்ததுதான் வினையானது.

தீர்வு எளிமையாக இருந்தது. ஆரம்பத்தில் ஊசியால் மட்டும் சீழை உறிஞ்சி எடுப்பது, வெளிக்காற்றை உள்ளே விடாமல் இருப்பது, நோயாளிக்கு நல்ல சாப்பாடு கொடுத்து உடம்பைத் தேற்றுவது, சீழ் கெட்டியான பிறகு திறப்பது. சாவு விகிதம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புது மருந்து எதுவும் வரவில்லை. பென்சிலின் கண்டுபிடிக்கவே இன்னும் 10 வருஷம் இருந்தது. நேரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஒரு நுரையீரலோடு 30 வருஷம்

போர் முடிந்ததும், 1919-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் ஆனார் கிரஹாம். பித்தப்பையை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் முறையை வாரன் கோலுடன் சேர்ந்து 1924-ல் கொண்டுவந்தார்.

1933 ஏப்ரல் 5. பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த 48 வயது மகப்பேறு மருத்துவர் ஒருவர், நுரையீரல் புற்றுநோயோடு அவர் மேஜையில் படுத்திருந்தார். நுரையீரலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதுதான் திட்டம். திறந்து பார்த்தால், அது போதாது என்று தெரிந்தது. மூடிவிட்டுப் போகலாம், அல்லது முழு நுரையீரலையும் எடுக்கலாம். கிரஹாம் எடுத்தார். புற்றுநோய்க்காக முழு நுரையீரலை ஒரே ஆபரேஷனில் அகற்றி, நோயாளி பிழைத்தது அதுவே முதல்முறை. அந்த நோயாளி 1963 வரை வாழ்ந்தார்.

மார்பு அறுவை சிகிச்சை என்ற துறையே இப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. நமக்குப் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் இறுதியில் அமெரிக்க டாக்டர் ரீவ் பெட்ஸ் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தார்.

அந்த சிகரெட்டை மட்டும் விட்டிருந்தால்...

கிரஹாம் பல வருஷம் சிகரெட் பிடித்தவர். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று மற்ற டாக்டர்கள் சொன்னபோது, அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் இதையே ஆராய வேண்டும் என்று வந்து நின்றபோதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தடுக்கவில்லை, கூடவே நின்றார். இந்த ஒரு குணத்துக்காகவே அவருக்கு சல்யூட் அடிக்கலாம்.

684 நோயாளிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 1950 மே மாதம் வெளியானது. தொடர்பு இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. 1953-ல் சிகரெட் தாரை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தார்கள். 44 சதவீத எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. கிரஹாம் தன் கருத்தை மாற்றிக்கொண்டார், சிகரெட்டையும் விட்டார். ஆனால், காலம் கடந்துவிட்டது. அவருடைய இரண்டு நுரையீரலிலும் புற்றுநோய் பரவியிருந்தது. உலகத்துக்கே அவர் காட்டிய ஆபரேஷன் அவருக்கு உதவவில்லை. 1957 மார்ச் 4 அன்று, 74 வயது நிறைய 15 நாள்கள் இருந்தபோது இறந்தார். அவர் ஒரு நுரையீரலை எடுத்துக் காப்பாற்றிய நோயாளி, அவருக்குப் பிறகும் 6 வருஷம் இருந்தார்.

இப்போ வென்டிலேட்டர் நோயாளிக்கு வருவோம்

கிரஹாமின் வீரர்களுக்கு இருந்தது சீழ். விபத்தில் அடிபட்டவருக்கு இருப்பது காற்றும் ரத்தமும். அன்றைக்கு வென்டிலேட்டரும் கிடையாது. இருந்தாலும் கேள்வி அதேதான்: இப்போவா, அப்புறமா?

நாம மூச்சுவிடும்போது நெஞ்சு விரிந்து காற்றை இழுக்கும். வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளும். நுரையீரலில் சின்னக் கிழிசல் இருந்தாலும், ஒவ்வொரு தள்ளலிலும் காற்று கசிந்து வெளியே சேரலாம். அழுத்தம் கூடினால் இதயமே ஒரு பக்கமாகத் தள்ளப்படும், ரத்த அழுத்தம் விழும், நிமிஷங்களில் உயிர் போகலாம். அந்த நிலையில் எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள், உடனே நெஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றுவார்கள். நிறையக் காற்று, நிறைய ரத்தம், நெஞ்சில் திறந்த காயம் என்றாலும் யோசனையே கிடையாது, டியூப்தான்.

குழப்பம் வருவது நடுவில். எக்ஸ்ரேயில் தெரியாமல் சி.டி. ஸ்கேனில் மட்டும் தெரியும் கொஞ்சூண்டு காற்று. வென்டிலேட்டரில் இருந்தால் அதற்கும் டியூப் போட்டே ஆக வேண்டும் என்பதுதான் பழைய வழக்கம். ஆனால், டியூப் போடுவதிலும் ஆபத்து உண்டு. வலி, கிருமித்தொற்று, ரத்தக்கசிவு, சில சமயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. இப்படிப்பட்ட வென்டிலேட்டர் நோயாளிகளை வைத்துக் கனடா மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. உடனே டியூப் போட்டவர்களுக்கும், கவனித்துக் காத்திருந்தவர்களுக்கும் மூச்சுத்திணறலில் பெரிய வித்தியாசம் இல்லை. அதேசமயம், காத்திருந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குப் பின்னால் டியூப் தேவைப்பட்டது.

அதனால் டாக்டர்கள் பலதையும் பார்ப்பார்கள். காற்று எவ்வளவு? ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் நிலையாக இருக்கிறதா? வென்டிலேட்டர் எத்தனை நாள் தேவைப்படும்? வேறு ஆபரேஷன் இருக்கிறதா? ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்து கவனிக்க ஆள் இருக்கிறதா?

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவருக்குக் காத்திருக்கலாம். அதே நோயாளியை வென்டிலேட்டரோடு உத்திரமேரூரிலிருந்து ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால், நடுவழியில் மோசமானால் என்ன செய்வது? அதற்காகவே முன்கூட்டி டியூப் போட்டு அனுப்பும் டாக்டர் இருப்பார். அவர் அவசரப்படவில்லை, வழியில் வரப்போகும் அந்த 30 கிலோமீட்டரை யோசித்திருக்கிறார்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், குடவோலைக்கு யாரெல்லாம் தகுதியானவர்கள் என்று பராந்தகச் சோழன் காலத்தில் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். மருத்துவத்தில் அப்படி வெட்டிவைக்க முடியாது. 1918-ல் படித்த பாடத்தையே விதியாக நம்பியதால்தான் அத்தனை பையன்கள் செத்தார்கள்.

நீங்க செய்ய வேண்டியது

* விபத்தில் நெஞ்சில் அடிபட்டு மூச்சுவாங்கினால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் 108-க்குக் கூப்பிடுங்க.
* குத்தியிருக்கும் கம்பி, கண்ணாடியைப் பிடுங்காதீங்க.
* செலவை நினைச்சுத் தயங்க வேண்டாம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் அரசுத் திட்டம், 2021 டிசம்பரில் பக்கத்தில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது.
* டியூப் பாட்டிலை நோயாளியின் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்காதீங்க, டியூபை மடிக்கவோ நசுக்கவோ வேண்டாம். மூச்சுக்கு ஏற்ப பாட்டில் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கினால் பயப்படாதீங்க, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்.
* டியூப் வேண்டாம்னு சொன்னா, எதைக் கவனிக்கிறீங்க, எது மாறினால் டியூப் போடுவீங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தாராளமா கேட்கலாம்.
* நுரையீரல் ஆறும்வரை விமானப் பயணத்துக்கு டாக்டரிடம் அனுமதி வாங்குங்க.

அப்புறம், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் டென்ஷனில் நின்னு பத்தவைக்கிற அந்த ஒரு சிகரெட் இருக்கே... அதை எப்போ விடுறதுங்கிற கேள்விக்கு மட்டும் எந்த ஸ்கேனும் தேவையில்லை. இப்பவே விட்டுடுங்க.