பூவையும் விலங்கையும் வரைவித்த ஃபார்குவார்



சிங்கப்பூர் சென்று வந்த நம் தோட்டத்து மக்கள், தேக்கா என்று நம்மவர் வழங்கும் லிட்டில் இந்தியாவை நன்கு அறிவர். பூக்கடைகளும் பலசரக்குக் கடைகளும் நிறைந்த சிராங்கூன் சாலையின் ஓரத்தே ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. இன்று அதன் இரு கரைகளும் சிமெண்டால் கட்டப்பட்டவை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அஃது ஓர் ஆறு. அதன் கரையில் ஒருநாள் உலவச் சென்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் நாய் நீரில் இறங்கிற்று. முதலை அதைக் கவ்விக்கொண்டு போயிற்று. அதிகாரி அவ்விடத்தைச் சுற்றி அடைக்கச் செய்து, முதலையை ஈட்டியால் குத்திக் கொல்வித்து, பிராஸ் பாசா ஓடைக்கரை மரமொன்றில் தொங்கவிடச் செய்தார். சிங்கப்பூரில் முதலை உண்டென்பதை மக்கள் அன்றுதான் அறிந்தனராம். இச்செய்தியை எழுதி வைத்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அவருடைய முன்னோருள் நாகூர்த் தமிழ்ப் பெண்மணி ஒருவரும் உண்டு. அவரும் சிறுவயதில் தமிழ் கற்றவர் என்பதை இங்கே மகிழ்வுடன் குறிப்பிடுகிறோம்.

அந்த அதிகாரியே வில்லியம் ஃபார்குவார். 1774ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் நகருக்கு அருகில் பிறந்தார். பதினேழாம் வயதில், 1791இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, பொறியாளர் பிரிவில் பணி புரிந்தார். 1795இல் கம்பெனிப் படை டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றியபோது அன்னாரும் உடன் வந்தார். வந்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். மலாய் மொழி பேசினார். பிரெஞ்சுத் தந்தைக்குப் பிறந்த நோனியோ கிளமென்ட் என்னும் மலாக்காப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். பெரும் பொறுப்பில் நெடுநாள் இருந்தமையால் மக்கள் அவரை மலாக்கா ராஜா என்றே அழைத்தனர். மேலிடத்தின் ஆணைப்படி 1807இல் பழம்பெரும் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தவரும் அவரே. நம் பிள்ளைகள் சுற்றுலா சென்று காணும் ஒற்றை வாயில் அவ்வழிவில் எஞ்சியதுதான்.

கோட்டையை இடித்த அதே மனிதர் பூவையும் இலையையும் காக்க முற்பட்டார் என்பது வியப்பன்றோ? அக்காலத்தில் புகைப்படக் கருவி இல்லை. பறித்த பூ மாலைக்குள் வாடும். பிடித்த மீனின் நிறம் சிறிது நேரத்தில் மங்கும். ஆகவே ஃபார்குவார் மலாக்காவிலிருந்த சீன ஓவியர்களை அமர்த்தினார். காட்டிலும் தோட்டத்திலும் கடலிலும் கிடைத்த செடி, பூ, கனி, பறவை, மீன், பாம்பு, விலங்கு ஆகியவற்றை நீர்வண்ணத்தில் வரையச் செய்தார். இவ்வாறு சேர்ந்த படங்கள் 477. பலவற்றில் அவ்வுயிரின் மலாய்ப் பெயரும் குறிக்கப்பட்டுள்ளது. அப்பெயரை மேலைநாட்டார் அறிந்திலர். இவ்வூரில் மண்ணோடு பழகியவர்களே அறிந்திருந்தனர்.

தெனுக் என்று மலாயர் கூறும் தாப்பிர் விலங்கை நீங்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளை, பின்னும் கறுப்பு. ஃபார்குவார் அதன் குட்டி ஒன்றை வீட்டில் வளர்த்தார். அது நாயைப் போல் பழகி, உணவு மேசையருகே வந்து ரொட்டிக்குக் காத்து நிற்குமாம்! இவ்விலங்கைப் பற்றிய குறிப்பை அவர் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு 1816இல் அளித்தார். அஃது அச்சேறுவதற்குள், 1819இல், பிரெஞ்சு அறிஞர் ஒருவர் விலங்குக்கு அறிவியற் பெயர் சூட்டி வெளியிட்டுவிட்டார். முதலில் எழுதியனுப்பியவருக்குப் புகழ் கிட்டவில்லை.

படம் வரையும் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் சில சொற்கள். அவ்வோவியர்கள் பொருளை எதிரில் வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தனர். நம் மாணவருட் பலர் பூ என்றதும் நினைவிலிருந்து ஒரு வட்டமும் சுற்றி இதழ்களும் போட்டுவிடுகின்றனர். செம்பருத்திக்கு இதழ் எத்தனை? ஐந்து. எண்ணிய பின்னரே பென்சிலை எடுங்கள். வண்டுக்குக் கால் ஆறு. அவ்வாறும் நெஞ்சுப் பகுதியில்தான் பொருந்தியிருக்கும். வயிற்றில் கால் முளைத்த வண்டு உலகில் இல்லை. நம் வரைதாள்களில் மட்டும் உண்டு! வண்ணப் பென்சிலைக் கொண்டு தீட்டும்போது முதலில் மஞ்சள் போன்ற வெளிர் நிறத்தை மெல்லப் பூசி, அதன்மேல் பச்சையைச் சிறிது சிறிதாக ஏற்றினால் இலை உயிர் பெறும். அழுத்தித் தேய்த்த கருநிறத்தைப் பிறகு அழிப்பது அரிது. பன்னிரண்டு நிறப் பெட்டி ஒன்றே போதுமென்பதைப் பெற்றோர்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். முழுநாளும் வெளிக்காட்டில் நிற்கும் உங்களுக்குத் தெரிந்த பூச்சிகளின் பெயர்கள் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் தெரியா. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கம்பெனிக் கொடியை ஏற்றியபோது ஃபார்குவார் உடனிருந்தார். ராஃபிள்ஸ் சில நாளில் புறப்பட்டுவிட, முதல் ரெசிடெண்டாக இருந்து ஊரை வளர்த்தவர் இவரே. மலாக்கா மக்களை அழைத்துக் குடியேற்றினார். எலித்தொல்லை மிகுந்தபோது, செத்த எலி ஒவ்வொன்றுக்கும் காசு தருவதாக அறிவித்தார். எலிகள் குவிந்தன. பின்பு பூரான்களுக்கும் அவ்வாறே விலை வைத்தார்.

எனினும் குறையைக் கூறாமல் விடுதல் முறையன்று. கையில் பணமில்லாத காலத்தில் சூதாட்டம், அபின், சாராயம் ஆகியவற்றுக்கு உரிமம் அளித்து அவ்வருவாயால் நிருவாகம் நடத்தினார். அடிமை வாணிகத்தையும் உறுதியாகத் தடுத்தாரில்லை. சூதும் குடியும் உழைப்பாளியின் வீட்டை என்ன செய்யும் என்பதைத் தோட்டத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1822இல் திரும்பி வந்த ராஃபிள்ஸ் இவற்றையும், கட்டடம் கூடாதென்று ஒதுக்கிய இடங்களில் கட்டவிட்டதையும் கண்டு சினந்து, 1823இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். ஆனால் அவர் கப்பலேறிய நாளில் பல இனத்து மக்களும் கடற்கரையில் கூடி அழுது விடை கொடுத்தனர் என அப்துல்லா எழுதுகிறார்.

ஃபார்குவார் தம் படங்களை 1827இல் இலண்டனிலுள்ள அரச ஆசியக் கழகத்துக்கு அளித்தார். 1839இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் காலமானார். படங்களோ நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் இலண்டனிலேயே இருந்தன. 1993இல் ஏலத்துக்கு வந்தபோது கோ கியோக் கிம் என்னும் சிங்கப்பூரர் முப்பது இலட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு அவற்றை வாங்கி, சிங்கப்பூர் அரும்பொருளகத்துக்கு நன்கொடையாக வழங்கினார். மலாக்காவில் பிறந்த படங்கள் இவ்வாறு நம் பக்கத்து நாட்டுக்கு வந்து சேர்ந்தன.

வரைவித்தவர் பெயரால் அவை ஃபார்குவார் தொகுப்பு எனப்படுகின்றன. செடிகளின் பெயர்கள் உள்ளன. கையால் வரைந்த சீன ஓவியர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் குறித்து வைக்கப்படவில்லை. அதனால்தான் இம்மலரின் இறுதிப் பக்கங்களில் வந்துள்ள, நம் மாணவர் வரைந்த தோட்டத்துப் பூக்கள், பூச்சிகளின் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் மூன்று செய்திகளைச் சேர்த்திருக்கிறோம்: அவ்வுயிரின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், வரைந்த பிள்ளையின் பெயர்.