ஒசாமு தெசூக்கா

ஒசாமு தெசூக்கா (நவம்பர் 3, 1928 - பெப்ரவரி 9, 1989) ஜப்பானைச் சேர்ந்த வரைகதை ஓவியரும் இயங்குபட இயக்குனரும் ஆவார். மங்கா எனப்படும் ஜப்பானிய வரைகதை இன்றைய வடிவத்தைப் பெற்றதில் இவரது பங்கு பெரிது. ஏறத்தாழ 700 படைப்புகளில் 1,50,000 பக்கங்கள் வரை இவர் வரைந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. தமது வரைகதைகளைத் தாமே இயங்குபடமாக்க முயன்று இவர் அடைந்த வெற்றியும் இழப்பும் ஜப்பானிய இயங்குபடத் துறையின் பிற்காலப் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன.

இளமை

ஒசாக்கா மாநிலத்தின் தொயோனாக்காவில் பிறந்து, தக்காரசூக்கா நகரில் வளர்ந்தார். தந்தையிடம் வீட்டிலேயே படம் காட்டும் கருவி இருந்தமையால், வால்ட் டிஸ்னியின் குறும்படங்களைச் சிறுவயதிலேயே காணும் வாய்ப்புக் கிட்டியது. பூச்சிகளின் மீது கொண்ட ஆர்வத்தால், தம் பெயரில் பூச்சி என்று பொருள்படும் எழுத்தொன்றைச் சேர்த்து எழுதிவந்தார். 1945 ஏப்ரலில், குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்த ஒசாக்காவில், மொமொத்தாரோவை நாயகனாகக் கொண்ட கடற்படைப் பரப்புரை இயங்குபடம் ஒன்றைப் பார்த்தார். இயங்குபடம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இவரிடம் உறுதிப்பட்டது.

பின்னர் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1961 ஆம் ஆண்டில் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். எனினும் மருத்துவத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை.

வரைகதையும் இயங்குபடமும்

1947 இல் வெளிவந்த புதிய புதையல் தீவு இவருக்குப் புகழ் தேடித்தந்தது. திரைப்படத்தில் வருவது போன்ற அண்மைக் காட்சிகளையும் மாறும் கோணங்களையும் இவர் வரைகதையில் கையாண்டார். ஆகவே இவரது கதைகளை இயங்குபடமாக்குவது எளிது என்று தோன்றலாம், உண்மை அவ்வாறில்லை. வரைகதையில் ஒரு செயலின் தொடக்கத்தையும் முடிவையும் இரு கட்டங்களில் வரைந்தால் போதும். இடைப்பட்ட அசைவை வாசகரின் மனமே நிரப்பிக்கொள்ளும். இயங்குபடத்தில் அந்த இடைவெளியை யாரேனும் வரைந்தாக வேண்டும்.

இவரது சொன்கோக்கூ வரைகதையைத் தழுவித் தோயி நிறுவனம் 1960 இல் ஒரு முழுநீளப் படத்தை வெளியிட்டது. அதன் ஆக்கத்தில் பங்கேற்ற தெசூக்கா, மறு ஆண்டே சொந்தமாக ஒரு படப்பிடிப்பகத்தைத் தொடங்கினார். அது 1962 முதல் முஷி புரொடக்சன் எனப்பட்டது. முஷி என்பதற்கும் பூச்சி என்பதே பொருள்.

அஸ்ட்ரோ பாய்

1952 முதல் வரைந்துவந்த எந்திரச் சிறுவன் அத்தோமுவின் கதையை, வாரந்தோறும் அரை மணிநேரம் ஒளிபரப்பாகும் தொடராக்க இவர் முடிவு செய்தார். நொடிக்கு 12 படங்கள் வீதம் வரைந்தால், 25 நிமிடங்களுக்கு 18,000 படங்கள் தேவை. ஒரு சிறு நிறுவனம் வாரத்துக்கு ஒருமுறை இதனைச் செய்து முடிப்பது இயலாத காரியம். எனவே ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டுப் படங்களாகக் குறைத்தனர். பேசும்போது வாயை மட்டும் அசைத்தனர். அசையாத படத்தின் மீது ஒளிப்படக்கருவியை நகர்த்தினர். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சி, நடக்கும் காட்சி முதலியவற்றைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். மேற்கூறிய எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கே உண்மையில் வரையப்பட்டது. வரைகதையின் அசையாத கட்டங்களுக்குப் பழகியிருந்த சிறுவர்களுக்கு இது குறையாகத் தோன்றவில்லை.

தொடர் 1963 சனவரி 1 முதல் 1966 திசம்பர் 31 வரை புஜி தொலைக்காட்சியில் 193 பகுதிகளாக ஒளிபரப்பாகியது. வரைகதையில் இருந்த கதைகள் தீர்ந்துபோனதால், பிற எழுத்தாளர்கள் புதிய கதைகளை எழுத நேர்ந்தது.

தெசூக்கா இத்தொடரை ஆக்கச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். இழப்பை இனிப்புப் பண்டங்களிலும் பிற பொருட்களிலும் அத்தோமுவின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையும், அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்துக்கான விற்பனையும் ஈடு செய்தன. ஆனால் அக்குறைந்த விலையே பின்னர் துறையின் வழக்கமாகி, ஓவியர்களின் ஊதியம் தாழ்ந்தது என்று குறை கூறுவோர் உளர். தெசூக்காவின் மறைவுக்குப் பின் இயக்குனர் ஹயாவோ மியசாக்கி இதனைக் கடுமையாகவே எழுதினார். இதில் உண்மை உண்டு. எனினும், பின்வந்த நிறுவனங்கள் அனைத்தின் செயலுக்கும் ஒருவர் மீதே பொறுப்பைச் சுமத்துவது பொருந்தாது.

காட்டின் பேரரசன்

1950 முதல் 1954 வரை வெளிவந்த இவ்வரைகதை, மூன்று தலைமுறைச் சிங்கங்களின் வரலாறு. நாயகன் லியோ இறுதியில் பனிமலையில் மனிதர் ஒருவரைக் காக்கத் தன்னுயிரை ஈகின்றது. 1965 இல் வண்ணத் தொடராக எடுக்கப்பட்டபோது, முதலீடு செய்த என்.பி.சி. எந்த வரிசையிலும் ஒளிபரப்பக்கூடிய தனித்தனிக் கதைகளையே விரும்பியது. ஆகவே லியோ குட்டியாகவே இருக்க நேர்ந்தது. கதையின் உயிர்நாடியான காலஓட்டம் விடுபட்டது. வளர்ந்த லியோவைக் காட்டும் தொடர் 1966 இல் தனியே எடுக்கப்பட்டது. மூலத்தின் முடிவோ 1997 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான் இடம்பெற்றது.

நெருப்புப் பறவை

தெசூக்கா 1971 இல் முஷி புரொடக்சனின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1973 இல் அந்நிறுவனம் நொடித்தது. அதே ஆண்டில் தொடங்கிய பிளாக் ஜாக் வரைகதை இவருக்கு மீண்டும் வாசகர்களைத் தேடித்தந்தது. சித்தார்த்தரின் வாழ்வைக் கூறும் புத்தர் (1972 - 1983) தொடரையும் இக்காலத்தில் வரைந்துவந்தார்.

இவரது மிகச் சிக்கலான படைப்பு நெருப்புப் பறவை ஆகும். 1954 இல் தொடங்கிய இதில் ஒரு பாகம் தொல்பழங்காலத்திலும், மறு பாகம் தொலைதூர எதிர்காலத்திலும் நிகழும். இரண்டும் மாறிமாறி நிகழ்காலத்தை நெருங்கி வரும். இறவாத பறவை ஒன்றே அவற்றை இணைக்கின்றது. இவ்வமைப்பு எந்த ஒரு திரைப்படத்துக்குள்ளும் அடங்காது. ஆகவே 1980 இல் தாமே இதனைப் படமாக்கியபோது, எந்தப் பாகத்தையும் எடுத்துக்கொள்ளாமல் நெருப்புப் பறவை 2772 என்ற புதிய கதையை எழுதினார். தொலைக்காட்சியில் தாம் கைவிட்ட நிறைவான அசைவுக்கும் இதில் முயன்றார். உரையாடலே இல்லாத நீண்ட தொடக்கக் காட்சி குறிப்பிடத்தக்கது. கதையோ மூலத்தின் ஆழத்தை எட்டவில்லை. தனித்தனிப் பாகங்களை 1986 இல் ரிந்தாரோவும், 2004 இல் என்.எச்.கே. தொடரும் தழுவியதே பொருத்தமான வழியாக அமைந்தது.

இறுதிக் காலம்

வணிகத் தொடர்களால் ஈட்டியதைச் சோதனைக் குறும்படங்களில் செலவிடுவது இவர் வழக்கம். இடைவெட்டு இல்லாத ஒரே காட்சியாக அமைந்த ஜம்பிங் (1984) சாக்ரெப் விழாவில் பெரும்பரிசு பெற்றது. 1987 இல் வெளிவந்த காட்டின் கதை, சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பனிக்கு அமைந்த படம். இதில் காட்டைக் காப்போர் டிஸ்னி முறையில் நளினமாக அசைகின்றனர். காட்டை அழிப்போர், தெசூக்காவே தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த சிக்கன முறையில் அசைகின்றனர். இதன் முதற் பகுதியும் நான்காம் பகுதியும் மட்டுமே இவர் காலத்தில் முடிந்தன.

வயிற்றுப் புற்றுநோயால் தமது 60 ஆவது வயதில் தோக்கியோவில் காலமானார். நியோ பாஸ்ட் உள்ளிட்ட மூன்று வரைகதைகள் முடிவுறாமல் நின்றன. 1949 இல் இவர் வரைந்த மெட்ரோபொலிஸ், கையால் வரைந்த உருவங்களும் கணினி வரைகலையும் கலந்து 2001 இல் ரிந்தாரோவால் படமாக்கப்பட்டது. காட்டின் கதையின் இரண்டாம் பகுதியை மகன் மகோத்தோ 2014 இல் நிறைவு செய்தார்.