கதவைத் தட்டிய மூன்று பேர்



ஒவ்வொரு ஜனவரியிலும் டைரியில் பெரிய பெரிய தீர்மானங்கள் எழுதுவேன். பிப்ரவரி வந்தால் டைரியையே தேடணும்! மணலியில் நம்ம சபையிலும் அநேகர் இப்படித்தான். என்னை உணர்த்தியது ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை.

1870-ல் ராணிப்பேட்டையில், மிஷனெரி டாக்டர் வீட்டில் பிறந்தவர். ஆனாலும் ஊழியம் வேண்டாம், அமெரிக்காவில் சுகமாய் வாழணும் என்பதே அவர் ஆசை. தாயாருக்குச் சுகமில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டரான தகப்பனாரை அனுமதிக்க அவர்களுக்கு மனமில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை. இரவெல்லாம் தேவனோடு போராடிய ஐடா, டாக்டராகித் திரும்பி வரத் தீர்மானித்தார்.

அழுததோடு நின்றுவிடவில்லை, கவனியுங்கள். 1899-ல் மருத்துவப் பட்டம். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டில். 1902-ல் 40 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி. தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. 1960-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நம்ம தீர்மானம் ஏன் நிற்பதில்லை? நமக்காகவே எழுதுகிறோம். இந்த வருஷம் நான் ஒரே வரி எழுதினேன்: பத்தாம் வகுப்பில் தவறிய நம்ம தெருப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லித்தரணும். மூன்று பேர் வருகிறார்கள். டைரி தொலையவில்லை.

உங்கள் கதவைத் தட்டுகிறது யார்? முழங்காலில் கேளுங்கள், எழுந்து முதல் அடி வையுங்கள். ஆமென்.