மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலம்

யாருக்கும் தெரியாத பெரிய வார்த்தைகளைப் போட்டுப் பேசுவதே ஆங்கிலப் புலமை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தேர்வுகளுக்காக நம் குழந்தைகளும் சொற்பட்டியல்களை நெட்டுருப் போடுகிறார்கள். ஆங்கிலேயரே வியக்கும்படி அந்தப் பாஷையைக் கையாண்ட மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் வாழ்க்கை காட்டும் வழி வேறு.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், 1869 செப்டம்பர் 22 அன்று, ஓர் ஏழை வைதிகக் குடும்பத்தில் பிறந்தார். சீமைக்குப் போய்ப் படித்தவர் அல்லர். கும்பகோணத்துப் பள்ளியிலும் அரசினர் கல்லூரியிலும் கற்றதே அவர் ஆங்கிலத்துக்கு அஸ்திவாரம். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, 1894இல் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். பொருள், உச்சரிப்பு, இடப்பொருத்தம் மூன்றிலும் அவர் கண்டிப்பு பிரசித்தம். அலங்காரத்துக்காக ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டார். சரியான சொல் அமையும்வரை விடவும் மாட்டார்.

1907இல் பள்ளி உத்தியோகத்தைத் துறந்து கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1921இல் லண்டன் இம்பீரியல் மாநாட்டிலும் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும் இந்தியாவின் பிரதிநிதியாகப் பேசினார். வெள்ளி நாவலர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

ஆனால் நாவன்மை எப்போதும் வென்றுவிடவில்லை. கென்யாவில் குடியேறிய இந்தியரின் சம உரிமைக்காக 1923இல் லண்டன் சென்று வாதாடினார். பிரிட்டிஷ் அரசோ மலைநாட்டு நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. ஆங்கிலேயரின் நியாய உணர்வை நம்பியிருந்த அவருக்கு அது பெரிய அடி.

ஆயினும் ஓய்ந்துவிடவில்லை. காந்திஜியின் தூண்டுதலால் 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்டானார். அங்குள்ள இந்தியக் குழந்தைகளின் கல்விக்காக வெள்ளையரிடம் வாதாடினார். இந்திய வணிகர்களிடம் நிதி திரட்டினார். டர்பனில் 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி அதன் பலன். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் சந்ததியார் பலர் உயர்கல்விக்குச் சென்றது அந்த வாசல் வழியாகத்தான்.

ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. மிதவாதி என்ற ஏச்சையும் கேட்டார். காந்திஜியுடன் கொண்ட சிநேகம் மட்டும் குறையவில்லை. காந்திஜியின் சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1940இல் மறுபதிப்பானபோது, அதன் மொழிநடையை ஒருவர் முழுவதும் திருத்திக் கொடுத்தார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அவர் சாஸ்திரியாரே என்பது பின்னர் தெரியவந்தது.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1944இல், எழுபத்தைந்தை எட்டும் வயதில், மயிலாப்பூரில் வால்மீகி ராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகளை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். 1946 ஏப்ரல் 17 அன்று காலமானார்.

வார்த்தைகளைச் சேர்ப்பது எளிது. அவற்றை யாருக்காகச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி. அகராதியைப் புரட்டும் நம் இளைஞர்கள் சாஸ்திரியாரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.