அவிந்ததோ? அடங்கியதோ?
அறிஞர் பாவ்லோவின் வாழ்வும் ஆய்வும்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. ஆயினும், பயின்ற பழக்கங்கள் பல நாளடைவில் மங்கி மறைதலையும் நாம் காண்கின்றோம். அங்ஙனம் மறைந்தவை விளக்குப்போல அவிந்தொழிகின்றனவா? அன்றி, நீறு பூத்த நெருப்புப்போல உள்ளே அடங்கிக் கிடக்கின்றனவா? பிள்ளைகளைத் திருத்தும் பொறுப்பை மேற்கொண்ட ஆசிரியர் எவரும் இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது. ஆய்வுகூடத்திலே பல்லாண்டு இருந்து இதற்கு விடை தேடியவர் உருசிய நாட்டு அறிஞர் இவான் பெத்ரோவிச் பாவ்லோவ் ஆவர்.

அவர் 1849 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் றியாசான் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கிறித்தவ குருவானவர். இளமையில் உயரத்திலிருந்து விழுந்து நலிவுற்றமையால், பதினொரு வயதளவிலேயே பாவ்லோவ் பள்ளி புகுந்தார். தந்தையின் வழியிற் குருத்துவக் கல்வி பயின்றவரின் உள்ளத்தைச் செச்செனோவ் என்னும் அறிஞர் மூளையின் தெறிவினைகள் பற்றி எழுதிய நூல் ஈர்த்தது. 1870 இல் அவர் குருத்துவப் பள்ளியை விட்டு நீங்கிச் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தை அடைந்து இயற்கை அறிவியல் கற்றார். பின்னர் மருத்துவமும் பயின்றார். 1881 இற் செராபிமா என்னும் நங்கையை மணந்து நடத்திய இல்வாழ்க்கை தொடக்கத்தில் வறுமை மிக்கதாகவே இருந்தது. 1890 இற் படைத்துறை மருத்துவக் கழகத்திற் பேராசிரியர் பதவி கிடைத்த பின்னரே அவருடைய வறுமை நீங்கியது.

உணவு செரிக்கும் முறையை ஆராய்தலே அவர் முதலில் மேற்கொண்ட பணியாகும். உயிருள்ள நாயின் இரைப்பையினின்றும் சதையியினின்றும் சுரக்கும் நீரை அளந்தறிய அவர் நுட்பமான அறுவை முறைகளை வகுத்தார். 1904 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது இப்பணிக்கேயாம். பலர் எண்ணுவதுபோலப் பழக்கம் பற்றிய ஆய்வுக்கன்று.

எனினும், அவருடைய பெயரை நிலைநிறுத்தியது இரண்டாவது ஆய்வே. உணவு வாயிற் படுமுன்னரே, உணவிடுவோனின் காலடியோசை கேட்ட அளவில், நாய்க்கு உமிழ்நீர் ஊறுதலை அவர் கண்டார். பிறர் அற்பம் என விடுத்திருக்கக்கூடிய இந்நிகழ்ச்சியை அவர் விடாது பற்றினார். ஓர் ஓசையை எழுப்பி உடனே உணவளித்தலைப் பன்முறை செய்தால், பின்னர் ஓசை மாத்திரமே உமிழ்நீரை வருவிக்கும். இங்ஙனம் பயிற்சியால் வந்தமைவதை நிபந்தனைத் தெறிவினை என்றார்.

அடுத்து அவர் செய்ததே நம் வினாவுக்கு உரியது. பழகிய நாய்க்கு ஓசையை எழுப்பி, உணவை அளியாது விடுத்தார். மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்யச் செய்ய உமிழ்நீர் துளித்துளியாகக் குறைந்து, ஈற்றில் முற்றாக நின்றது. பழக்கம் அவிந்தது என்றே எவரும் கூறுவர். ஆனால், நாயைச் சிறிது நேரம் வாளா இருக்கவிட்டு மீண்டும் ஓசையெழுப்பியபோது, உமிழ்நீர் தானே மீண்டது! பழக்கம் அவிந்திருக்கும் வேளையிலே எதிர்பாராத பிறிதோர் ஒலி குறுக்கிட்டாலும் அது மீண்டெழுந்தது. முற்றும் அழிந்தது மீள்வது எங்ஙனம்? ஆதலின், பழைய பயிற்சி அழியவில்லை என்றும், அதன்மேல் அடக்குமாற்றல் ஒன்று புதிதாக எழுந்துள்ளது என்றும் அவர் தெளிந்தார். இதுவே அவர் அகத்தடை என வழங்கியது.

1924 ஆம் ஆண்டு செப்தெம்பரில் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கூடுகளில் அடைபட்டிருந்த நாய்கள் நீரில் மூழ்கும் தறுவாயிற் காப்பாற்றப்பட்டன. அதன்பின் அவற்றுட் சில முன்பு பயின்றவற்றை இழந்தன. நாட்கள் பல சென்று ஒரு நாய் தன் பழைய நிலையை எய்தியது. அப்போது கதவின் கீழாகச் சிறிதளவு நீரை ஒழுகவிட்டபோது அது மீண்டும் நடுநடுங்கியது. பயின்றவையும் மறுபடி குலைந்தன. அச்சம் ஆறியதுபோலத் தோன்றினும் ஆறவில்லை.

அவர் வாழ்விலும் வெள்ளங்கள் வந்தன. புரட்சியின் பின் பஞ்சமும் குளிரும் நாட்டை வாட்டியபோது, பட்டினியால் நாய்கள் மடிந்தன. மகன் ஒருவரையும் அவர் இழந்தார். 1921 இல் லெனினின் ஆணையால் ஆய்வுக்கு வசதிகள் கிடைத்தன. ஆயினும், புதிய ஆட்சியிற் கண்ட குறைகளை எடுத்துரைக்க அவர் அஞ்சினாரல்லர். அவருடைய கத்தியின் கீழ் நாய்கள் பட்ட துன்பத்தை நாம் மறத்தலாகாது. அவற்றுக்குப் பட்ட கடனை அறிந்தே போலும், 1935 இல் அவருடைய ஆய்வு நிலையத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்புருவரி 27 ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில் அவர் காலமானார்.

பாவ்லோவ் ஊகித்த அடக்குமாற்றல் மூளையில் எங்கே உறைகின்றது? அவர் பெருமூளைப் புறணி முழுவதையும் சுட்டினார். பிற்கால ஆய்வுகள் அதனை மேலும் நுணுகிக் கண்டன. அச்சப் பயிற்சியைப் பதிந்து வைப்பதிற் பெரும்பங்கு கொள்வது வாதுமைக் கொட்டையை ஒத்த அமிக்டலா என்னும் பகுதி. அபாயம் நீங்கியதை உணர்ந்து அதனை அடக்க உதவுவது நெற்றிப்புற மூளையின் நடுப்பகுதி. அச்சம் தணிந்ததை மறுநாள் நினைவுகூரும்போது எலிகளின் மூளையில் இந்நடுப்பகுதியின் நரம்புக்கலங்கள் கிளர்ந்தெழுதலை மிலாட், குவேர்க் என்னும் இருவர் 2002 இல் வெளியிட்டனர். எவ்விடத்தில் அடங்குதல் வேண்டும் என்பதை உணர்த்துவது கடற்குதிரை வடிவினதாகிய இப்போகாம்பசு. ஆதலினாலேயே ஓரிடத்தில் அடங்கிய அச்சம் இடம் மாறியவுடன் தலைதூக்குகின்றது. அஞ்சும் பொருளைத் தீங்கில்லாத சூழலிற் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் மருத்துவமுறையும் இக்கருத்தையே தழுவியது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிற் பெரியதொரு படிப்பினை உண்டு. பிரம்புக்கு அஞ்சிக் கணக்கையே வெறுத்த பிள்ளை, அன்புடைய ஆசிரியரிடத்தில் அவ்வச்சம் நீங்கிக் கற்கின்றான். அடுத்த ஆண்டு வகுப்பு மாறுகின்றது. பழைய நடுக்கம் மீள்கின்றது. உடனே நாம் அவனைத் திருந்தாதவன் என்று வைகின்றோம். அவன் திருந்தாதவன் அல்லன். அவன் கற்ற புதுப்பாடம் ஓரறைக்குள் மாத்திரம் வேரூன்றியது. மற்றோரறையிலும் அது கற்பிக்கப்படல் வேண்டும். பழையதை அழித்தல் நம்மால் ஆகாது. அதனினும் வலிய புதியதொன்றைப் பல இடங்களிற் பலமுறை பயிற்றுதலே நம்மால் ஆவது. வைதலை விடுத்துப் பொறுமையுடன் அதனைச் செய்வோமாக.