ரஞ்சன்குடியில் தோற்றவர் பிளாசி பிரபு ஆன கதை

பெரம்பலூரிலிருந்து சென்னை போகிற பஸ்ஸில் ரஞ்சன்குடி கோட்டையைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கோட்டைப் பக்கம் இராபர்ட் கிளைவ் வந்திருக்கிறார். படிச்சப்போ என்னாலயே நம்ப முடியல.

கிளைவ் 1725-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1744-ல் சென்னை வந்து கம்பெனியில் எழுத்தர் வேலை பார்த்தார். 1751-ல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிப்பும் மோதினார்கள். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை, சந்தா சாகிப்புக்கு பிரெஞ்சுக்காரர் துணை. ரெண்டு படையும் வாலிகண்டபுரத்துக்கும் ரஞ்சன்குடிக்கும் பக்கத்தில் சண்டை போட்டன. அப்போது கிளைவ் தளபதி இல்லீங்க, படைக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்பாடு செய்கிறவர்! வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பயந்து ஓடிட்டாங்க. படை ஊட்டத்தூருக்குப் பின்வாங்கியது. கிளைவ் வெறுத்துப்போய், கடலூர் அருகே இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத் திரும்பிவிட்டார்.

அதே வருஷம் சுமார் 500 பேரோடு ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். பாடத்தில் ஆற்காடு வருது, நம்ம ஊர்ல தோத்தது வரலை. 1752-ல் மறுபடி வாலிகண்டபுரம் வந்து பிரெஞ்சுத் தளபதியைச் சரணடைய வைத்தார்.

1757-ல் வங்காளத்தில் பிளாசிப் போர். நவாபின் தளபதி மீர் ஜாபர் துரோகம் செய்ததால் கிளைவ் ஜெயித்தார். மீர் ஜாபர் புது நவாப் ஆனதும் கிளைவுக்கு 2,34,000 பவுன் கொடுத்தார். 1762-ல் கிளைவுக்கு பிளாசி பிரபு என்ற பட்டம் கிடைத்தது. ஊர் வங்காளத்து ஊர், ஆள் இங்கிலாந்து ஆள், பட்டமோ அயர்லாந்துப் பட்டம்! இங்கிலாந்துப் பட்டம் தரலையேன்னு அவருக்கு மனக்குறை. பணம் சேர்த்ததைப் பற்றிப் பாராளுமன்றமே விசாரித்தது. 1774-ல் 49 வயதில் இறந்தார்.

பட்டம் மகன் எட்வர்ட் கிளைவுக்குப் போனது. அவர் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1801-ல் நவாபிடம் ஒப்பந்தம் போட்டு கர்நாடக நாட்டு ஆட்சியையே கம்பெனி வாங்கிக்கொண்டது. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் எல்லாம் அதோடு சேர்ந்து போயிடுச்சு. அப்பா சாமான் சேர்க்க வந்த ஊர்!

மகனுக்கு 1804-ல் போவிஸ் பிரபு என்று இன்னும் பெரிய பட்டம் கொடுத்தாங்க. வேல்ஸ் நாட்டில் உள்ள போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம்கூட இருக்கு. அதைப் பார்க்க எனக்கு ஆசை. அதுக்கு முன்னாடி ரஞ்சன்குடி கோட்டைக்குள்ள போகணும், இதுவரை பஸ் ஜன்னல்லதான் பார்த்திருக்கேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி